மென்பொருள் திறக்க ஒரு நிமிடமா? முதலில் இரண்டு முறை திறந்து பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஏழு வருடமாக ஒரே கணினி. விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். திறந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் வேர்டோ, படம் திருத்தும் ஜிம்ப்போ, பிரவுசரோ, எதைத் திறந்தாலும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை கிளீனர் மென்பொருள் ஒன்றை ஓட்டுகிறேன், பலன் இல்லை. ரேமைக் கூட்டு, ஆன்டிவைரஸை எடுத்துவிடு, ஃபார்மேட் செய்துவிடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: இப்போதைக்கு மூன்றையும் தள்ளி வையுங்கள். அவரவர் கணினியில் எது பலித்ததோ அதை அவரவர் சொல்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கக் கால் மணி நேரமும் விநாடி காட்டும் ஒரு கடிகாரமும் போதும்.

ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் உட்பகுதி அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். தினமும் அணைக்கிற கணினியில்கூட 'அப் டைம்' (நிற்காமல் ஓடிய நேரம்) இருபது நாள் என்று காட்டுவது இதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையிலேயே புதிதாகத் தொடங்கும்.

டெஸ்க்டாப் வந்தபின் ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். அப்புறம் ஜிம்ப்பைத் திறந்து, வேலை செய்யத் தயாராக எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடுங்கள். உடனே மறுபடி திறந்து அதையும் குறியுங்கள். இந்தச் சோதனைக்குப் பிரவுசர் சரிப்படாது. மூடிய பிறகும் சில பிரவுசர்கள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டாவது கணக்கு பொய்யாகிவிடும்.

முதல் தடவை ஐம்பது விநாடி, இரண்டாம் தடவை பத்து விநாடி என்று வந்தால் பிரச்சினை பெரும்பாலும் டிஸ்கில்தான். முதல் முறை திறக்கும்போது மென்பொருளின் கோப்புகள் டிஸ்கிலிருந்து படிக்கப்படுகின்றன. மூடிய பிறகும் விண்டோஸ் அவற்றைக் காலியாக இருக்கும் ரேமில் விட்டுவைக்கிறது. இரண்டாம் முறை டிஸ்க் பக்கம் அதிகம் போக வேண்டியதில்லை. அதே மென்பொருள், அதே பிராசஸர், அதே ஆன்டிவைரஸ். மாறியது படிக்கிற இடம் மட்டும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திறந்தபின் ஒழுங்காக ஓடுகிறது, எதைத் திறந்தாலும் தாமதம் என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் ஹார்ட் டிஸ்க் மேல்தான் போகும். அதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்கைத் தேர்ந்து, அந்தச் சன்னல் கண்ணில் படும்படி ஓரமாக வைத்துக்கொண்டு, மறுபடி ரீஸ்டார்ட் செய்த கணினியில் ஜிம்ப்பைத் திறங்கள். பச்சைக் கோடு 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கீழே 'ரீட் ஸ்பீட்' வெறும் 1 அல்லது 2 எம்பி என்று காட்டும். இந்த முரண்தான் அடையாளம். டிஸ்க் முழு மூச்சாக உழைக்கிறது, கைக்கு வருவதோ கொஞ்சம்.

ஏன் அப்படி? நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேவையான இடம் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி. முள் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர இன்னும் ஏழெட்டு. ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் சுமார் 12 மில்லி விநாடி, விநாடிக்கு எண்பது துண்டு. பெரிய மென்பொருள் ஒன்று திறக்கும்போது அமைப்புகள், எழுத்துருக்கள், ஐகான்கள், பிளக்-இன்கள் என்று சின்னச் சின்னதாக மூவாயிரம் துண்டு கேட்டது என்று வையுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி விநாடி அளவுதான் ஆகும். அதே மூவாயிரமும் அரை விநாடிக்குள் முடியும்.

இங்கே உங்கள் கிளீனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலிருந்தே, ஒரு மென்பொருள் தொடங்கும் முதல் 10 விநாடிகளில் என்னென்ன கோப்புகளைக் கேட்கிறது என்று விண்டோஸ் 'பிரிஃபெட்ச்' என்ற ஃபோல்டரில் குறித்துவைக்கிறது. அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்து, சிதறிக் கிடப்பதை ஒழுங்கான வரிசையில் முன்கூட்டியே படித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு இது பெரிய உதவி. பல கிளீனர்கள் இந்தக் குறிப்புகளையும் குப்பை என்று கணக்கிட்டு அழிக்கின்றன. அழித்த மறுநாள் கணினி எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடத்தை, சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள்களால் திறக்கும் வேகம் கூடி நான் பார்த்ததில்லை. ரெஜிஸ்ட்ரி கெட்டு, கணினியே கிளம்பாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வாராந்திரப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

சரி, சோதனையில் வேறு விடை வந்தால்?

கணினி எழுந்த முதல் இரண்டு நிமிடம் மட்டும் எல்லாம் இழுக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்றால் டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பட்டியலைத் திறந்து, தினமும் தேவைப்படாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். மென்பொருள் அழியாது, தானாகக் கிளம்பாது, அவ்வளவுதான்.

இரண்டாம் தடவையும் அதே நேரம் எடுத்தால், முதலில் மெமரியைப் பாருங்கள். ஜிம்ப்பைத் திறப்பதற்கு முன்பே 85, 90 சதவீதம் நிறைந்திருந்தால், மேலே சொன்ன 'விட்டுவைக்க' இடமே இருக்காது. ரேமைக் கூட்டச் சொன்னவர் சரியாகச் சொன்னதாக ஆவது அப்போது மட்டும். மெமரியில் இடம் இருக்கிறது, சி.பி.யூ.தான் உழைக்கிறது என்றால் மென்பொருள் தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறது என்று பொருள். ஒன்றைக் கவனியுங்கள்: எட்டு இழை கொண்ட (ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும்) பிராசஸரில் ஒரே ஒரு இழை முழுதாக மாட்டிக்கொண்டாலும் மொத்தக் கணக்கு 12, 13 சதவீதம்தான் காட்டும். எண் சின்னது என்று விட்டுவிடக் கூடாது. ஜிம்ப் போன்றவை திறக்கும்போது காட்டும் படத்தின் அடியில் ஒரு வரி ஓடும், எழுத்துருக்கள், பிளக்-இன்கள் என்று. எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் சுமை. வேர்டுக்கு, கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஐகானைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஷிஃப்ட். அப்படித் திறந்தால் வேகமாக வருகிறது என்றால் ஆட்-இன்களை (கூடுதலாகச் சேர்த்த துணை மென்பொருள்களை) ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் போதும்.

சிலருக்கு டிஸ்க், சி.பி.யூ., மெமரி மூன்றுமே சும்மா இருக்கும், ஆனாலும் மென்பொருள் திறக்காது. பலர் தவறவிடுவது இதைத்தான். கணினிக்குள் வேலையே நடக்கவில்லை, வெளியிலிருந்து ஒரு பதிலுக்காக அது காத்துக்கொண்டிருக்கிறது. உறவினர் ஒருவரின் மடிக்கணினியில் வேர்டு ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அரை நிமிடம் வெள்ளையாக நிற்கும். எஸ்.எஸ்.டி. போட்டும் மாறவில்லை. நான் உட்கார்ந்து பார்த்தபோது எல்லாக் கோடுகளும் தரையோடு கிடந்தன. பிரிண்டர் பட்டியலைத் திறந்தேன். டிஃபால்ட்டாக இருந்தது, எப்போதோ மாற்றிவிட்ட பழைய வைஃபை பிரிண்டர். பக்க அளவு கேட்க வேர்டு அதைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. பி.டி.எஃப். பிரிண்டரை டிஃபால்ட் ஆக்கியதும் மூன்று விநாடியில் திறந்தது. இப்போது இல்லாத நெட்வொர்க் டிரைவ், உரிமத்தைச் சரிபார்க்க இணையத்துக்குப் போகும் மென்பொருள், இவையும் இதே மாதிரி நிறுத்திவைக்கும். வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நேரம் கூடினாலும் குறைந்தாலும், மாறினாலே துப்புக் கிடைத்துவிட்டது.

ஆன்டிவைரஸை எடுக்காதீர்கள். கோப்பு திறக்கும்போது அது சோதிப்பது உண்மை, அதற்குச் சில விநாடி ஆகும், ஒரு நிமிடம் ஆகாது. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் மட்டும் ஒன்றை நீக்குங்கள்.

டிஸ்கைப் பார்க்கும்போது இன்னொரு எண்ணையும் பாருங்கள். 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' பத்து, இருபது, அதிகச் சுமையில் ஐம்பது மில்லி விநாடி என்று இருந்தால் டிஸ்க் மெதுவானது, அவ்வளவே. சும்மா இருக்கும் வேளையிலும் பல நூறு, ஆயிரம் என்று தாவினாலோ, கணினியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் இருந்தாலோ மேற்கொண்டு சோதனை வேண்டாம். ஏழு வருட டிஸ்க் அது. முதலில் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள்.

எல்லாம் நான் நினைத்தபடியே வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவது. உங்கள் கணினியில் எம்.2 துளை இருக்கிறதா, பழைய வகை இணைப்பான சாட்டா மட்டும்தானா என்று பார்த்து வாங்குங்கள். சாட்டாவே போதும், சிதறிய துண்டுகளைப் படிப்பதில் ஹார்ட் டிஸ்குக்கும் அதற்கும் இடையிலான தூரம்தான் பெரியது. ஃபார்மேட் யோசனையை இந்தச் சமயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்கில் ஃபார்மேட் செய்தால் சில வாரம் சுறுசுறுப்பாகத் தெரியும், முள் நகரும் வேகம் அப்படியேதான் இருக்கும். புதிய எஸ்.எஸ்.டி.யில் புதிதாக நிறுவுவது நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், உங்கள் பிராசஸர் இடம் கொடுத்தால் விண்டோஸ் 11ஐயே போடுங்கள். பழைய டிஸ்கை இரண்டு மாதமாவது அழிக்காமல் எடுத்து வையுங்கள். வேர்டில் நீங்கள் சேர்த்த சொற்பட்டியல், ஜிம்ப்பில் செய்த பிரஷ்கள், பிரவுசரின் புக்மார்க்குகள் எல்லாம் ஆவணங்கள் ஃபோல்டருக்கு வெளியே இருப்பவை. தேவைப்படும் அன்றுதான் அவை நினைவுக்கு வரும்.