'இயல்பான மழை' என்று கண்ணோட்டம் வந்திருக்கிறது; கடலூரில் தரைத்தளத்தில் கடை எடுக்கலாமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இயல்பான மழைதான் என்று வானிலைக் கண்ணோட்டம் வந்திருக்கிறது, அதை நம்பி கடலூர், புதுச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் இடம் பிடிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. என்ன கடை என்று நீங்கள் எழுதவில்லை. ஜவுளியோ மளிகையோ, நனைந்தால் வீணாகிற சரக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். அட்வான்ஸ் பேசி முடித்துவிட்டு, மனசு ஓரத்தில் ஒரு பயத்தோடு கேட்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது.

இடம் பிடிப்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்தக் கண்ணோட்டத்தை நம்பிப் பிடிக்காதீர்கள்.

உடனே "வானிலைத் துறையைக் குறை சொல்ல வந்துவிட்டாள்" என்று யாராவது கிளம்புவார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவே இல்லை. அவர்கள் சொல்வது ஒன்று, நாம் எடுத்துக்கொள்வது வேறு. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வருகிற அந்தக் கண்ணோட்டம் கடலூருக்கு மட்டும் போட்டது இல்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் ஒன்று. கேரளம், மாஹே ஒன்று. கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெற்கு உள் கர்நாடகம் என்று ஐந்து பகுதிகளையும் சேர்த்து, மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே கணக்கு. நீண்டகால சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை எது பெய்தாலும் அதற்குப் பெயர் இயல்பு. கோட்டயமும் கர்நூலும் கடலூரும் ஒரே தராசில் ஏறுகிற கணக்கில் உங்கள் கடை வாசலுக்கு என்ன சேதி இருக்க முடியும்?

தமிழ்நாட்டுக்கு இந்த மூன்று மாதச் சராசரி 44 செ.மீ. அளவில் வரும். கடலூர் மாவட்டத்துக்கு 70 செ.மீ.யை ஒட்டி. நமக்கு இயல்பே மற்ற ஊருக்கு அதிகம். அந்த எழுபதும் ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பரவலாகப் பெய்தால் ஏரி குளம் நிரம்பும், சம்பா பிழைக்கும். அதில் பாதி ஒரே ராத்திரியில் கொட்டினாலும் பருவக் கணக்கில் 'இயல்பு' என்றே முடியலாம்.

எல் நினோ, லா நினா பற்றி யூடியூபில் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. எல் நினோ ஆண்டில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கூடும், லா நினாவில் குறையும் என்பது பொதுவான போக்கு, அது சரிதான். ஆனால் கடலூர்க்காரர்களுக்கு அதில் என்ன ஆறுதல்? 2015 பலமான எல் நினோ ஆண்டு. அந்த நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டி, பண்ருட்டிப் பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்களைக் காட்டு வெள்ளம் வாரிக்கொண்டு போனது. 2011 லா நினா ஆண்டு. தானே புயல் டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி, தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மார்கழி பாதி போயிற்று, இனி மழை இல்லை என்று ஊரே நினைத்திருந்த நேரம். 2021-உம் லா நினா, அந்தப் பருவத்தில் மாநிலத்தில் மழை 59 சதவீதம் அதிகம். 2016-ல் 62 சதவீதம் குறைவு, நிலமெல்லாம் காய்ந்தது. அந்த வறட்சிப் பருவத்திலும் வர்தா புயல் வந்து சென்னையைப் புரட்டிப் போட்டது. மழை குறைவு என்று அறிக்கை வந்தால் புயல் வராது என்று அர்த்தமில்லை.

என் கதைக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். எங்களுடையது தென்பெண்ணைக் கரையோரம் சின்ன மளிகைக் கடை, பின்பக்கமே வீடு. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்ததும் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரு நாளுக்குள் 45 செ.மீ.க்கு மேல். இங்கேயும் விடாத மழை. அதையெல்லாம் எப்படியோ தாங்கிவிட்டோம். திங்கட்கிழமை மழை குறைந்ததும் தெருவில் எல்லாரும் "அப்பாடா" என்று கதவைத் திறந்து வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

என் நாத்தனார் வீடு திருவண்ணாமலைப் பக்கம். அந்த அண்ணன் போன் பண்ணினார். "தங்கச்சி, சாத்தனூர்ல தொறந்துட்டாங்க, ஒண்ணே முக்கா லட்சம் கன அடிங்கறாங்க. ஒங்க ஊருக்குத்தான் வருது. சாமானை மேல ஏத்தும்மா" என்றார். தென்பெண்ணையின் சாத்தனூர் அணையில் திறந்தது விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. அணைக்கு மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்த தண்ணீரும் அதில் சேர்த்தி. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் புறப்பட்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் எல்லாம் தாண்டி வருகிற ஆறு கடலில் சேருவது எங்கள் தாழங்குடாவில்தான். மேலே எங்கே பெய்தாலும் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்தாக வேண்டும்.

நானும் வீட்டுக்காரரும் பெரிய பையனும் அரிசிச் சிப்பங்களை முதலில் ஏற்றினோம். பிறகு பருப்பு, சர்க்கரை, கணக்கு நோட்டு. பக்கத்துக் கடைக்காரர் "வெயிலே அடிக்குது, எங்கக்கா வரப்போவுது தண்ணி" என்று நின்று பார்த்தார். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தண்ணி போகிற ஓட்டை இருக்கிறதே, அது வழியாகக் குபுகுபுவென்று மேலே பொங்கியது, கூடவே கரப்பான் பூச்சிகள். வாசல் அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. வாசலில் மணல் மூட்டை அடுக்கினவர்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு. கீழேயே விட்ட கல் உப்பு மூட்டை, வடிந்த பிறகு பார்த்தால் வெறும் சாக்கு. ஒரு கல்கூட மிச்சமில்லை. ஆனால் அரிசி பிழைத்தது, பருப்பு பிழைத்தது. அடுத்த நாலு நாள் தெருவுக்கே எங்கள் கடைதான் படியளந்தது. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

அந்தப் பருவத்துக்கு மழை கூடுதல் என்றுதான் கண்ணோட்டம் சொல்லியிருந்தது, அதுவும் பலித்தது. ஆனால் எங்களைக் காப்பாற்றியது அது இல்லை, அண்ணனின் அந்த ஒரு போன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் தெருவில் ரோடு போட வரும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி உருட்டிவிட்டுப் போகிறார்கள். என் மாமனார் கட்டும்போது வாசலுக்கு மூன்று படி. இப்போது ரோட்டிலிருந்து நாங்கள் வீட்டுக்குள் இறங்குகிறோம். சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி மனு கொடுத்தோம். வந்து பார்த்தவர் "உங்க வீட்டை ஜாக்கி வெச்சுத் தூக்கிக்கங்கம்மா" என்றார். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டின வீட்டைத் தூக்கு என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? சின்ன மழைக்கே இப்போது தண்ணீர் உள்ளே வருவதற்குப் புயல் காரணமில்லை, இந்த ரோடுதான்.

சரி, உங்கள் விஷயம். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்ற பேச்சு வந்ததும் தினசரி அறிக்கையையும் மாவட்ட எச்சரிக்கையையும் பாருங்கள், நாலைந்து நாள் முன்னால் கிடைக்கிற அந்தத் தகவலுக்குத்தான் மதிப்பு அதிகம். "சென்னைக்கு ஆபத்து நீங்கியது" என்று டிவியில் மகிழ்ச்சியாகச் சொன்னால், புயல் தெற்கே நம் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். தென்பெண்ணைப் பக்கம் கடை என்றால் சாத்தனூர் அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதையும், இங்கே வெயில் அடித்தாலும், விசாரித்துக்கொண்டே இருங்கள். பொங்கல் வரை சரக்கைத் தரையில் வைக்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், 2024 டிசம்பரில் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். கட்டட உரிமையாளரிடம் கேட்காதீர்கள், எதிர் டீக்கடையில் கேளுங்கள்.