அரசு அலுவலகத்தில் படம் எடுப்பது குற்றமா?

வணக்கம் ஐயா. பட்டா கோப்பைப் பார்க்க வட்டாட்சியர் அலுவலகம் சென்ற நீங்கள், அங்கிருந்த அறிவிப்புப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்ததற்கு, அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்கு வரும் என்று காவலாளி மிரட்டியதாக எழுதியிருந்தீர்கள். 1923ஆம் ஆண்டின் அச்சட்டம் 2(8) பிரிவில் தடைசெய்யப்பட்ட இடம் என்று சொல்வது பெரும்பாலும் படைத்தளம், ஆயுதக்கிடங்கு போன்றவற்றையும் அரசு தனியே அறிவிக்கை செய்த இடங்களையும்தான். காவல் நிலையம்கூட அதில் அடங்காது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் கூறியிருக்கிறது. அதற்காக அலுவலகத்துக்குள் நினைத்தபடி படம்பிடிக்கலாம் என்று பொருளில்லை. காவலாளியிடம் சட்டம் பேசுவதும் வீண்வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பை நேரில் பார்வையிடவும் நகல் பெறவும் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுச் செய்யுங்கள். அவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும்.