ஆர்த்தோ கிளினிக் போகப்போகும் தேவகோட்டைத் தம்பிக்கு

ஜூலையில் அமெரிக்கா வந்து ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சியில், அதாவது குடும்ப மருத்துவ மேற்பயிற்சியில், சேர்ந்திருக்கிறாய், அடுத்த மாதம் எலும்பு, மூட்டு பார்க்கும் ஆர்த்தோ கிளினிக்கில் போட்டிருக்கிறார்கள். "ஊரில் ஹவுஸ் சர்ஜனாக ஆர்த்தோ ஓபியில் எக்ஸ்ரே சீட்டு எழுதியதுதான் மிச்சம். இங்கே என்ன எதிர்பார்ப்பார்கள் அண்ணே?" என்று கேட்டிருந்தாய். நான் விடுமுறைக்குக் கண்டனூர் வந்திருக்கிறேன். முற்றத்தில் உட்கார்ந்து ஆற அமர எழுத நேரம் இருக்கிறது.

நோயாளியை முதலில் நீ தனியாகப் பார்ப்பாய். வெளியே வந்து அட்டெண்டிங்கிடம், அதாவது உன்னை மேற்பார்க்கும் பெரிய டாக்டரிடம், இரண்டு மூன்று நிமிடத்தில் விவரம் சொல்வாய். உடனே அவர் கேட்பார்: "நீ என்ன நினைக்கிறாய்?" நம் ஊர்ப் பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான். பெரியவர் முன்னால் முந்திக்கொண்டு பேசாதே என்று சொல்லி வளர்த்தார்களே. நானும் முதல் மாதம் முழுக்க "நீங்களே சொல்லுங்கள் சார்" என்று நின்றேன். மரியாதை என்று நினைத்தேன். மாதக் கடைசியில் மதிப்பீட்டில் 'தயாராக வருவதில்லை' என்று வந்தது.

அந்தக் கேள்வி மிரட்டல் இல்லை தம்பி. 1992-இல் அங்குள்ள ஃபேமிலி மெடிசின் ஆசிரியர்கள் எழுதிவைத்த ஐந்து படிப் பயிற்சி முறை ஒன்று உண்டு, 'ஒன் மினிட் பிரிசெப்டர்' என்பார்கள். அதில் முதல் படியே ரெசிடென்ட் வாயிலிருந்து ஒரு முடிவை வரவழைப்பது. அடுத்து, ஏன் அப்படி நினைத்தாய் என்பார்கள். தப்பாகச் சொன்னால் பாதகமில்லை, உனக்கு எது தெரியவில்லை என்பது அதில்தான் தெரியும். இப்போது நானே அட்டெண்டிங். வாய் திறக்காத பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பதென்று எனக்கே விளங்குவதில்லை. நம் ஐயாக்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் கடையில் தொழில் பழகிய பெட்டியடிப் பையன்கூட மேலாள் கேட்டால் வட்டியை மனக்கணக்காகப் போட்டுச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் அங்கே இருக்கும் தவணையும் மூன்று வருஷம், உன் ரெசிடென்சியும் மூன்று வருஷம், பார்த்துக்கொள்.

அப்புறம், படத்தை நம்பி கையை மறந்துவிடாதே. கீழே விழுந்து கையை ஊன்றிய ஒரு பையன் வந்தான். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, சுளுக்கு என்றேன். அட்டெண்டிங் உள்ளே வந்து, கட்டைவிரலை விரிக்கச் சொல்லி, மணிக்கட்டோரம் விழுகிற குழியில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். பையன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஐயா பட்டணம் பொடியைக் கொட்டி உறிஞ்சுவாரே, அதே குழிதான். ஆங்கிலப் பெயரே பொடி டப்பா. அங்கே வலித்தால் ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன மணிக்கட்டு எலும்பு உடைந்திருக்கலாம், முதல் நாள் படத்தில் தெரியாமலும் போகலாம். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால், உடைந்தால் முன்கைப் பக்கத்துப் பாதி செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். நான் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லாத குறைதான்.

கணுக்கால் அடி என்றால், எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும் ஆட்டவா விதிகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போ. எந்த எலும்பு முனைகளை அழுத்திப் பார்ப்பது, நாலு எட்டு வைக்க முடிகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முதுகுவலிக்கு ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லையென்றால் முதல் 6 வாரம் ஸ்கேன் வேண்டாம். எந்த மூட்டானாலும் வலியில்லாத பக்கத்தை முதலில் பார், பேன்ட்டுக்கு மேலே முழங்காலைத் தடவாதே. வேலை நேரம் பற்றிக் கேட்டிருந்தாய். வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பு எல்லோருக்கும் உண்டு, ஓபி மாதத்தில் அவ்வளவு வராது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ஆச்சி முழங்கால் படங்களோடு வந்துவிட்டார். மூன்று எக்ஸ்ரே, ஒரு எம்.ஆர்.ஐ., புத்தூர்க் கட்டும் ஒரு முறை போட்டாயிற்று. படத்தை ஓரமாக வைத்துவிட்டு, திண்ணைப் படியில் இறங்கிக் காட்டச் சொன்னேன். பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து இறங்கினார். உட்காரவைத்து முழங்காலை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. பாதத்தைப் பிடித்துத் தொடையை உள்பக்கமாகத் திருப்பியதும் "ஆத்தாடி" என்று தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டார். இடுப்பு மூட்டு வலி முழங்காலில் தெரிவது சகஜம். இடுப்பை ஒரு எக்ஸ்ரே எடுத்து வாருங்கள் ஆச்சி என்றேன்.

"முழங்கால் வலிக்குதுன்னா இடுப்பைப் படம் எடுக்கச் சொல்றியே, நீ அமெரிக்காவுல என்னதான் படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.