கறுப்புத் திரைக்குப் பின்னால்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி, வாசித்த நாவல்களைப் பற்றிப் பேசுகிறோம். இந்த ஆண்டு, இருண்ட மாளிகைகளும் அச்சமும் நிறைந்த கோதிக் நாவல்களையும் மர்ம நாவல்களையும் எடுத்துக்கொண்டோம். டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’வை நான்தான் பரிந்துரைத்தேன். ‘அருமையான பேய்க்கதை’ என்று சொல்லிக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை பேய் வரவேயில்லை என்று இருவர் கோபித்துக்கொண்டார்கள். முடிவையும் சொல்லக்கூடாது என்றால், இத்தகைய நாவல்களை எப்படித்தான் அறிமுகம் செய்வது? அடுத்து எதை வாசிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பேய்க்கதை என்று சொல்லிக் கொடுத்தால் வாசிப்பவர் பேய்க்காகக் காத்திருப்பார். அப்படிக் காத்திருப்பவரின் கண்ணில் அந்த நாவலில் உண்மையாகவே நடப்பது எதுவும் படாது.

உங்களுடைய சிக்கலுக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஜேன் ஆஸ்டின் மறைந்து சில மாதங்களுக்குப் பின், 1817 டிசம்பரில் வெளிவந்த ‘நார்தாங்கர் அபே’யில், இங்கிலாந்தின் பாத் நகரில் இரண்டு இளம்பெண்கள் நாவல்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. காதரின் அப்போது ஆன் ராட்கிளிஃபின் ‘மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’வை (1794) வாசித்துக்கொண்டிருக்கிறாள்; அதன் கதாநாயகியை மயங்கி விழவைக்கும் கறுப்புத் திரை வரை வந்துவிட்டாள். திரைக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லவேமாட்டேன் என்று தோழி இசபெல்லா சீண்டுகிறாள். எக்காரணம் கொண்டும் சொல்லிவிடாதே என்று கெஞ்சும் காதரின், அதே மூச்சில், அது எலும்புக்கூடுதான், சந்தேகமேயில்லை என்று தானே அடித்துச் சொல்கிறாள். தெரியாமலிருப்பதன் இன்பத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய வேறொரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. (ராட்கிளிஃப் அதை விளக்குவதற்குள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடிவிடுகின்றன. விளக்கம் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

ஆனால் இசபெல்லாவின் பரிந்துரையை நம்பக்கூடாது. அடுத்து வாசிக்கவேண்டியவை என்று தன் குறிப்பேட்டிலிருந்து ஏழு நாவல்களின் பெயர்களை அடுக்குகிறாள். காதரின் கேட்பது ஒரே கேள்வி: எல்லாம் பயங்கரமானவைதானே? ஆமாம், நிச்சயமாக என்று உறுதியளிக்கும் இசபெல்லா அவற்றைத் தான் வாசித்ததாகச் சொல்வதில்லை; அவற்றை முழுவதும் வாசித்த வேறொரு தோழியைத்தான் சாட்சிக்கு இழுக்கிறாள். அந்த ஏழும் ஆஸ்டினின் கற்பனை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1793க்கும் 1798க்கும் இடையில் உண்மையாகவே அச்சேறியவை அவை என்று இருபதாம் நூற்றாண்டில் தெரியவந்தது. ஏழுக்கும் அவள் கொடுப்பது ஒரே சான்றிதழ். நீங்கள் ‘ரெபெக்கா’வுக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு கோதிக் நாவலைப் பிறருக்குக் கொடுக்கும்போது, திரைக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லாமல், திரைக்கு முன்னால் நிற்பவரின் அச்சம் எத்தகையது என்பதை மட்டும் சொல்லலாம் என்பது என் எண்ணம். 1938இல் வெளிவந்த ‘ரெபெக்கா’வில், கணவனின் மாளிகைக்குப் புதிதாக வந்த இரண்டாம் மனைவி, இறந்துபோன முதல் மனைவியின் மேசை முன் உட்கார்ந்திருக்கும்போது தொலைபேசி மணி அடிக்கிறது. ‘மிஸஸ் டி வின்டர்?’ என்று ஒரு குரல் கேட்கிறது. தவறாக அழைத்துவிட்டீர்கள், அவர் இறந்து ஓராண்டுக்கு மேலாகிறது என்று பதில் சொல்கிறாள். அதே பெயர் மறுபடி ஒலித்த பின்னர்தான், அந்தப் பெயர் இப்போது தன்னுடையது என்பது அவளுக்கு உறைக்கிறது. அழைத்தது வீட்டுக்குள்ளிருந்தே பேசும் நிர்வாகி மிஸஸ் டேன்வர்ஸ். தன் வீட்டில், தன் பெயருக்கே அந்நியமாகிப்போன ஒரு பெண்ணின் அச்சம் இது. அவளுடைய இயற்பெயரை டு மோரியே கடைசிவரை நமக்குச் சொல்வதேயில்லை. கோபித்துக்கொண்ட இருவரையும் அந்த ஒரு பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மர்ம நாவல்களுக்கு வந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் வில்கி காலின்ஸை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் தொடங்கும் ‘மூன்ஸ்டோன்’ (1868) துப்பறியும் கதை; அதில் விடையைச் சொன்னால் பாதிப் புத்தகம் போய்விடும், ஆகவே வாயைத் திறக்காதீர்கள். ‘உமன் இன் ஒயிட்’டின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. சட்டம் பயின்ற காலின்ஸ், வழக்கில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டேறுவதைப்போல அந்தக் கதையைப் பலர் வாயிலாகச் சொல்லவைத்தார். மரியன் என்ற பெண்ணின் நாட்குறிப்பைப் பல அத்தியாயங்களுக்கு நாம் அந்தரங்கமாக வாசித்துவருகிறோம். மழையில் நனைந்து அவள் காய்ச்சலில் விழுகிறாள், எழுத்து கோணலாகிச் சிதைகிறது, அதற்குக் கீழே வேறொருவரின் கையெழுத்து தொடங்குகிறது. நாம் வாசித்த ஒவ்வொரு பக்கத்தையும் அந்த ஆளும் வாசித்து, பாராட்டுரையும் எழுதிவைத்திருக்கிறார். யார் என்று இங்கே எழுதமாட்டேன். 1860இல் வாரத் தவணையில் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

அடுத்த மாதத்துக்கு, ஆனால், காலின்ஸைச் சொல்லமாட்டேன். தடிமனைப் பார்த்தே உங்களில் இருவர் விலகிவிடக்கூடும். ஷெர்லி ஜாக்சனின் ‘வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காஸில்’ (1962) மிகச் சிறியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு உணவில், பழத்தின்மேல் தூவிய சர்க்கரையில் ஆர்சனிக் கலந்திருந்ததால் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்திருக்கிறார்கள். சர்க்கரை போட்டுக்கொள்ளாத மூத்த மகள்மீது வழக்கு நடந்து, அவள் விடுதலையும் ஆகிவிட்டாள். போலீஸ் வருவதற்குள் அந்தக் கிண்ணத்தைக் கழுவிவைத்ததும் அவள்தான். உள்ளே சிலந்தி இருந்தது என்பது அவள் சொன்ன காரணம். குற்றவாளி யார் என்பதை உங்களில் பெரும்பாலோர் பாதிக்குள் ஊகித்துவிடுவார்கள், ஊகித்த பிறகும் மூடிவைக்கமாட்டார்கள். புத்தகத்தைக் கைமாற்றும்போது, ‘இரண்டு சகோதரிகள், ஒரு வீடு, ஒரு சர்க்கரைக் கிண்ணம்’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவேண்டாம்.