பழுப்பா, சிவப்பா? ரெசிஸ்டர் கோடுகள் பற்றி வாசகர் கேள்விகள்

எல்இடி விளக்கு பற்றி எழுதியதிலிருந்து ரெசிஸ்டர் கேள்விகளாகவே வந்துகொண்டிருக்கின்றன, அதனால் இந்த முறை எல்லாவற்றையும் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறேன். ரெசிஸ்டர் என்பது மின்சாரம் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம். எவ்வளவு தடுக்கும் என்பதை ஓம் என்ற அளவில் சொல்வோம், அதன் உடம்பைச் சுற்றியுள்ள நிறக் கோடுகள் அந்த மதிப்பைக் காட்டும்.

ஐயா, நான் படிவம் 2 மாணவி. ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்காக 9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்இடி போட்டேன். 330 ஓம் ரெசிஸ்டர் போடச் சொன்னார்கள், நிறம் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் விளக்கு ரொம்ப மங்கலாக எரிகிறது. (சுங்கை சிப்புட்)

மூன்றாவது கோட்டை மட்டும் நாளைக்குக் காலையில் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பாரம்மா. ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று இருந்தால்தான் 330. ஆரஞ்சு, ஆரஞ்சு, சிவப்பு என்றால் 3,300 ஓம், பத்து மடங்கு. இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பழுப்பையும் சிவப்பையும் பிரித்துப் பார்ப்பது எனக்கே கஷ்டம், இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்திருந்தும்.

கணக்கையும் போட்டுப் பார். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட். அதை 330ஆல் வகுத்தால் 21 மில்லியாம்பியர், நன்றாக எரியும். 3,300ஆல் வகுத்தால் 2 மில்லியாம்பியர்தான், நீ பார்த்த அந்த மங்கல் வெளிச்சம் அதுதான். நல்லவேளை, தப்பு இந்தப் பக்கமாக நடந்தது. மூன்றாவது கோடு கருப்பாக இருந்திருந்தால் அது 33 ஓம், எல்இடி அப்போதே கருகியிருக்கும்.

வரிசையை எப்படி மனத்தில் வைப்பது என்று இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: முதலில் இருட்டு, அது கருப்பு, 0. அடுத்து மண், பழுப்பு, 1. அப்புறம் வானவில் சிவப்பில் தொடங்கும்: சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7. கடைசியில் மேகம் சாம்பலாகி வெளுக்கும், சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு கோடு உள்ளதில் முதல் இரண்டும் எண்கள், மூன்றாவது எத்தனை பூச்சியம் என்று சொல்லும், நான்காவது எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்லும். தங்கம் என்றால் 5 விழுக்காடு, வெள்ளி என்றால் 10. ஆங்கிலத்தில் இதற்கென்று ஒரு பழைய வாக்கியம் உண்டு, பெண்களையும் தோல் நிறத்தையும் இழிவாகப் பேசுவது. அதைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஐந்து கோடு உள்ள ரெசிஸ்டரை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது? இரண்டு ஓரத்திலும் பழுப்புதான் இருக்கிறது. (பீடோர்)

எனக்கு வந்ததில் இதுதான் நல்ல கேள்வி, ஏனென்றால் இங்கேதான் தெரிந்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். நான்கு கோடு உள்ளதில் தங்கமோ வெள்ளியோ ஓரத்தில் இருப்பதால் குழப்பமில்லை, அது கடைசி. ஐந்து கோட்டில் முதல் மூன்றும் எண்கள், நான்காவது எத்தனை பூச்சியம் என்பது, ஐந்தாவது பெரும்பாலும் பழுப்பு, 1 விழுக்காடு. இப்போது பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப் படித்தால் 100, இரண்டு பூச்சியம், 10,000 ஓம். அதையே திருப்பிப் பிடித்தால் பழுப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு: 120, பூச்சியம் இல்லை, 120 ஓம். இரண்டுமே கடையில் விற்கிற மதிப்புதான், அதனால் 'இப்படி ஒரு எண் இருக்காதே' என்று ஒதுக்கவும் முடியாது. கடைசிக் கோட்டுக்கு முன்னால் இடைவெளி கொஞ்சம் அதிகம் இருக்க வேண்டும் என்பார்கள், ஆனால் சின்ன ரெசிஸ்டரில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரிவதில்லை. ஓம் அளக்கும் மல்டிமீட்டரில் வையுங்கள், வேறு வழி தேடாதீர்கள். போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் மின்சாரம் ஓடி மதிப்பு குறைவாகக் காட்டும், ரெசிஸ்டரின் இரண்டு கம்பிக் கால்களில் ஒன்றையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

ஏன் 47, 68 என்று விநோத எண்கள்? 50, 70 என்று செய்தால் என்ன? (தாப்பா)

10 விழுக்காடு கூடக் குறைய இருக்கும் பொருளில் 47 என்று எழுதியிருந்தால் அது 42.3லிருந்து 51.7 வரை எதுவாகவும் இருக்கலாம். கீழே அடுத்த மதிப்பான 39இன் எல்லை 42.9 வரை வருகிறது, மேலே அடுத்த மதிப்பான 56இன் எல்லை 50.4இல் தொடங்குகிறது. பார்த்தீர்களா, ஓட்டை இல்லாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82, இந்தப் பன்னிரண்டும் மனப்பாடம் ஆகிவிட்டால் நிறம் படிப்பதும் சுலபம். தங்கக் கோடு உள்ள ஒன்றை நீங்கள் 48 என்று படித்தால் கண் எங்கேயோ தவறியிருக்கிறது, ஊதாவைச் சாம்பலாகப் பார்த்திருப்பீர்கள்.

நடுவில் ஒரே ஒரு கருப்புக் கோடு. இது என்ன? (சிம்மோர்)

பூச்சியம் ஓம். வெறும் கம்பிதான், இயந்திரம் எடுத்துப் போர்டில் பொருத்த வசதியாக ரெசிஸ்டர் உருவத்தில் செய்திருக்கிறார்கள்.

எங்கள் கோயில் ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரெசிஸ்டர் கருகிவிட்டது, நிறமே தெரியவில்லை. திருவிழா வருகிறது. (தோட்ட வாசகர் ஒருவர்)

அண்ணே, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், பழக்கமில்லாதவர் கை வைக்க வேண்டாம். கருகியதை உற்றுப் பார்த்து மதிப்பு சொல்லாதீர்கள், சூட்டில் ஆரஞ்சு பழுப்பாகும், சிவப்பு கருத்துப்போகும். ஆம்ப்ளிஃபயர் ஸ்டீரியோ என்றால் நல்ல வழி இருக்கிறது: இடது பக்க ஒலிக்கான ரெசிஸ்டர் கருகியிருந்தால் வலது பக்கத்தில் அதே இடத்தில் அதே ரெசிஸ்டர் முழுசாக உட்கார்ந்திருக்கும், அதைப் படியுங்கள். எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று சொல்லும் வாட்டும் அதே அளவில் வாங்குங்கள். ஆனால் ரெசிஸ்டர் தானாகக் கருகுவது அபூர்வம், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் புதிதைப் போட்டால் அதுவும் புகையும்.

என் மகனுக்கு 13 வயது. எலெக்ட்ரானிக்ஸ் என்றால் உயிர். ஆனால் சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒரே மாதிரி தெரிகிறது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இதை விட்டுவிடச் சொல்லலாமா? (சுங்கை சிப்புட்)

சொல்லாதீர்கள் அம்மா. இது ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும், அவன் செய்த குறை எதுவும் இல்லை. சிவப்பு 2, பச்சை 5, பழுப்பு 1, இந்த மூன்றும் அவனுக்குக் குழம்பும் என்பது உண்மை. அதனால் நிறத்தை அவன் படிக்கவே வேண்டாம். ரெசிஸ்டரைக் காகிதப் பட்டையில் ஒட்டிய கட்டாக வாங்குங்கள், மதிப்பு எழுதிய பையிலேயே வைக்கச் சொல்லுங்கள், போடும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளக்கட்டும். இப்போதைய போர்டுகளில் வரும் சின்னச் செவ்வக ரெசிஸ்டர்களில் நிறமே கிடையாது, எண்தான்: 103 என்றால் 10க்குப் பின்னால் மூன்று பூச்சியம், 10,000 ஓம், 472 என்றால் 4,700. அதை அவன் என்னைவிட வேகமாகப் படிப்பான், எனக்கு அதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அவனுக்கென்று ஒரு நல்ல மீட்டர் மட்டும் வாங்கிக் கொடுங்கள், தம்பியோடும் அக்காவோடும் பங்கு போடாதபடி.