நூற்றாறு கார்களின் ஜாதகம்: கேள்வி பதில்

குறைந்த எண்ணிக்கையில் வந்த சூப்பர் கார்களின் சேஸிஸ் எண்ணையும் (ஒவ்வொரு காரின் சட்டத்திலும் பொறித்த தனி எண்), அவை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதையும் குறித்து வைப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். அதிலும் 1990-களில் வந்த பிரிட்டிஷ் காரான மெக்லாரன் எஃப்1 என்றால் தனிப் பிரியம். வந்த கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

சார், எஃப்1 மொத்தம் எத்தனை? 64 என்கிறார்கள், 78 என்கிறார்கள், 106 என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

மூன்றுமே சரிதான், எண்ணும் விதம்தான் வேறு. வாடிக்கையாளர்களுக்குப் போன சாதாரண சாலைக் கார்கள் 64. அவற்றோடு 5 சோதனைக் கார்கள், எல்எம் என்ற சிறப்பு வகை 5, அந்த எல்எம்முக்கான சோதனைக் கார் 1, நீள வால் வைத்த ஜிடி என்ற வகை 2, ஜிடி சோதனைக் கார் 1 ஆகியவற்றைச் சேர்த்தால் 78. பந்தயத்துக்கென்றே கட்டிய ஜிடிஆர் 28. ஆக 106. யாராவது ஓர் எண்ணிக்கையைச் சொன்னால், எதையெல்லாம் சேர்த்து எண்ணினார் என்று முதலில் கேளுங்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு பொறியும் உண்டு. சில ஜிடிஆர் கார்களைப் பந்தய வாழ்க்கை முடிந்தபின் சாலையில் ஓட்ட மாற்றியிருக்கிறார்கள். அவற்றைச் சாலைக் கார் கணக்கிலும் சேர்த்துவிட்டால் ஒரே கார் இரண்டு முறை வந்துவிடும்.

சாலைக் கார்கள் 64 என்றால் 075 என்று ஒரு சேஸிஸ் எப்படி வந்தது?

வரிசையில் இடைவெளிகள் இருக்கின்றன. உதாரணமாக 054, 058 இரண்டும் ஜிடிக்குப் போன எண்கள். வேறு சில எண்களில் சாதாரண கார் கிடையாது. அதனால் கடைசி எண்ணைப் பார்த்து உற்பத்தியைக் கணக்கிடவே கூடாது. பந்தயக் கார்களுக்கு 01ஆர் முதல் 28ஆர் வரை தனி வரிசை. 1995-ல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது 01ஆர். அதை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

குழப்பத்துக்கென்றே வைத்தது போல இன்னொரு ஜோடி: எக்ஸ்பி1, எக்ஸ்பி1 எல்எம். முதலாவது, அதாவது எஃப்1-இன் முதல் சோதனைக் கார், 1993-ல் நமீபியாவில் வெப்பச் சோதனையின்போது விபத்தில் எரிந்து போனது. இரண்டாவது பின்னாளில் வந்த ஆரஞ்சு நிற எல்எம் முன்மாதிரி. “எக்ஸ்பி1 இன்னும் இருக்கிறது, நானே பார்த்தேன்” என்று ஒருவர் சத்தியம் செய்தால், அவர் பார்த்தது ஆரஞ்சு நிறமா என்று கேளுங்கள்.

ஃபெராரியில் முதல் காரின் எண்ணைக் கடைசிக் காரின் எண்ணிலிருந்து கழித்தால் மொத்தம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. ஃபெராரி மாடலுக்கு ஒரு வரிசை என்று வைக்காமல், பல மாடல்களுக்கும் ஒரே வரிசையில் எண் போடும் நிறுவனம். எஃப்40 என்ற ஃபெராரி மாடலை அடுத்து நிற்கும் எண் வேறு ஏதோ மாடலுடையதாக இருக்கும். போதாக்குறைக்கு, 1980-களின் கடைசி வரை சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்களை மட்டுமே கொடுத்து வந்தார்கள். அறிவித்த எண்ணிக்கையையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஃப்40 சுமார் 400 என்று தொடங்கி 1,311-ல் போய் நின்றது. என்ஸோ என்ற இன்னொரு ஃபெராரி மாடல் 399 என்றார்கள். 400-வதாக ஒன்றைச் செய்து போப்பாண்டவருக்குக் கொடுத்தார்கள். அது 2005-ல் ஏலம் போய், பணம் சுனாமி நிவாரணத்துக்குச் சென்றது.

அண்ணா, ஒரு எஃப்40-இன் 17 இலக்க வின் எண்ணை (காரின் அடையாள எண்) சரிபார்ப்புக் கணக்கில் போட்டேன், தப்பு என்று வருகிறது. போலியா?

அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்பதாவது இடத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பாவுக்குச் செய்த காரில் அந்த இடத்தில் வெறும் சைபர் இருக்கும், கணக்கு உதைக்கத்தான் செய்யும். மாறாக எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருந்தால் சந்தேகப்படுங்கள். 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் அவற்றை வின் எண்ணில் பயன்படுத்துவதே இல்லை. மூன்றாவது இடத்தில் 9 இருந்தால் அது சிறு உற்பத்தியாளர் என்பதன் அடையாளம். அப்போது 12 முதல் 14 வரையுள்ள இடங்கள் நிறுவனத்தைச் சொல்லும், வரிசை எண்ணுக்குக் கடைசி மூன்று இடம்தான் மிஞ்சும்.

படத்தில் தெரியும் நம்பர் பிளேட்டை வைத்துக் காரைத் தொடரலாமா?

துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் கூடாது. பிரிட்டனில் பிடித்த எண்ணை ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வார்கள். சுவிட்சர்லாந்தில் பிளேட் ஆளுக்குச் சொந்தம், காருக்கல்ல. இரண்டு கார்களை வைத்திருப்பவர் ஒரே பிளேட்டை மாற்றி மாற்றி மாட்டவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் என் எக்செல் தாளில் ஒரு வரி என்றால் ஒரு சேஸிஸ் எண். பிளேட், நிறம், நாடு, கிலோமீட்டர் எல்லாம் தேதியோடு அதற்குள் அடங்கும். பக்கத்திலேயே இன்னொரு கட்டம்: இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, காரில் முத்திரை குத்திய எண்ணை நேரில் பார்த்ததா, ஏலப் புத்தகமா, படமா, வாய்ச்சொல்லா? அந்தக் கட்டம் காலியாக இருக்கும் தகவலை நான் பயன்படுத்துவதில்லை.

ஓடிய தூரத்தை எப்படி உறுதி செய்வது?

பிரிட்டிஷ் பதிவு என்றால் வருடாந்திரத் தகுதிச் சோதனை விவரம் இணையத்தில் இலவசம். தேதியும் மைலும் வரிசையாக வரும். மற்ற இடங்களில் சர்வீஸ் ரசீது, ஏலக் குறிப்பு. 2021-ல் 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போன மெக்லாரன் எஃப்1, சேஸிஸ் 029, அப்போது ஓடியிருந்தது 242 மைல்தான். அப்படிப்பட்ட கார் அடுத்த தடவை எங்கே தலைகாட்டினாலும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கோருமா?

கோரும். விபத்திலோ திருட்டிலோ காரும் அதன் பாகங்களும் பிரிந்தால் வம்புதான். 1954-ன் ஃபெராரி 375 பிளஸ், சேஸிஸ் எண் 0384ஏஎம், அமெரிக்காவின் ஒஹாயோவில் திருடுபோய் பெல்ஜியம் போய்ச் சேர்ந்தது. அங்கே அது மறுபடி கட்டப்பட்டது. சில பாகங்களும் பத்திரங்களும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டன. பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2014-ல் பிரிட்டனில் ஏலம் விட்டார்கள், ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. இப்படிப்பட்ட எண்ணுக்கு என் தாளில் ஒரே வரிதான், ஆனால் எந்தப் பாகம் எப்போது எங்கே இருந்தது என்று தனித்தனியாக எழுதுவேன்.

உரிமையாளர் பெயர்களையும் வெளியிடலாமே?

தானே மேடையேறிச் சொன்னவர், ஏலப் புத்தகத்தில் அச்சானவர் என்றால் சரி. மற்றவர்களுக்கு “இரண்டாம் உரிமையாளர், ஜப்பான்” போதும். பல கோடி மதிப்புள்ள வண்டி எந்த வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று ஊருக்குச் சொல்வது திருடனுக்கு வழிகாட்டுவதுதான். பல கார்கள் கம்பெனி பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ இருப்பதால், பெயர் தெரிந்தாலும் ஆள் தெரியாது. நமக்கு வேண்டியது எந்த ஆண்டு, எந்த நாடு, எத்தனையாவது கை என்பது மட்டும்.

நிறம் பொருந்தவில்லை என்றால் வேறு காரா?

அவசியமில்லை, மறுபடி பெயின்ட் அடித்திருப்பார்கள். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பாருங்கள், நிறத்தை அப்புறம் பேசலாம்.