நுரையீரல் புற்றுநோய்: பயாப்சி மார்க்கர்களா, இரத்தத்தில் செம்பும் நாகமுமா?

கேள்வி இதுதான். அப்பாவின் நுரையீரல் கட்டியில் பயாப்சி எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில், கட்டியின் வகையைக் காட்டும் மார்க்கர் புரதங்களில் டி.டி.எஃப்-1 பொசிட்டிவ், பி40 நெகட்டிவ். வெளியே ஒரு லேப்பில் இரத்தத்தில் செம்பு, நாகம் (இந்தியாவில் துத்தநாகம்), செலினியம் பார்க்கும் பெக்கேஜ் ஒன்றையும் செய்யச் சொல்கிறார்கள். எதற்குக் காசைச் செலவழிப்பது?

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். என் பெரியம்மாவுக்கு இதே நோய் வந்தபோது நீங்கள் சொல்கிற இரண்டையும் செய்து பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கும் டி.டி.எஃப்-1 பொசிட்டிவ்தான். அக்கா அதைப் போனில் தேடியிருக்கிறாள். அதன் முழுப் பெயர் 'தைரொயிட்' என்று தொடங்குகிறது. நான் மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே பெரியம்மா வாசலில் நின்று கேட்டார்: "தொண்டையிலயும் வந்திட்டாம் என்டு இவள் சொல்றாள், மெய்யா மகன்?"

மெய் இல்லை. அந்தப் புரதத்தை முதலில் தைரொயிட்டில் கண்டதால் அந்தப் பெயர். நுரையீரலின் சாதாரணக் கலங்களும் (செல்களும்) அதைச் செய்கின்றன. ஒருவர் கொழும்பில் இருபது வருடம் இருந்தாலும் பேச்சில் 'மறுகா' என்று ஒரு சொல் விழுந்தால் ஆள் மட்டக்களப்பு என்று பிடித்துவிடுவோம் அல்லவா? புற்றுக்கலமும் அப்படித்தான். எவ்வளவு கெட்டுப்போனாலும் பிறந்த இடத்துப் பேச்சைக் கொஞ்சம் வைத்திருக்கும். டி.டி.எஃப்-1, நப்சின்-ஏ என்ற புரதங்கள் இரண்டும் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றின் பேச்சு. பி40 ஸ்குவாமஸ் வகையின் பேச்சு. ஆனால் 'மறுகா' அக்கரைப்பற்றிலும் கேட்கும். அதேபோல சிறுகலப் புற்று என்ற இன்னொரு வகையிலும் டி.டி.எஃப்-1 பொசிட்டிவ் ஆக வரலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் சினப்டோபிசின், குரோமோகிரானின் என்று இன்னும் இரண்டு மூன்றைப் பார்த்து, கலங்களின் தோற்றத்தோடு சேர்த்து முடிவு எழுதுவார்கள். உங்கள் அப்பாவின் இரண்டு வரியும் அடினோ பக்கம் சாய்கின்றன. ஆனாலும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பத்தோலொஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டொக்டர்) எழுதிய முடிவுதான் கணக்கு.

இதைச் செய்கிற விதம் எனக்குப் பிடித்த இரசாயனம். கட்டித் துண்டை ஃபோமலினில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீற்றரின் 250இல் ஒரு பங்கு தடிப்பில் சீவுகிறார்கள். தேடுகிற புரதத்தில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியை மேலே விடுகிறார்கள். அதோடு பெரொக்சிடேஸ் என்ற நொதியம் இணைக்கப்பட்டிருக்கும். ஐதரசன் பேரொட்சைட்டும் நிறம் தரும் ஒரு பொருளும் சேர்த்தால் அந்த இடம் மட்டும் கபிலமாகும் (பழுப்பாகும்), மற்றதெல்லாம் நீலம். டி.டி.எஃப்-1 என்றால் கலத்தின் கரு கபிலமாகத் தெரியும். என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது பின்வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து கேட்பான்.

சரி, வகை தெரிந்து என்ன பயன்? மருந்து அதில்தான் பிரிகிறது. அடினோ வகையில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஊசி மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கும் ஒரு வகை மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்பது 2004இல் தெளிவானது. கிழக்கு ஆசியாவில் அடினோ நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருக்கிறது, ஐரோப்பியரில் பத்தில் ஒருவர் அளவுதான். புகைபிடிக்காதவர்களில், பெண்களில் கூடுதல். 2007இல் ஏ.எல்.கே என்ற இன்னொன்றும் வந்து சேர்ந்தது. பி.டி-எல்1 என்ற புரதத்தைச் சதவீதமாக எழுதுவார்கள். நோயெதிர்ப்பு மருந்து பொருந்துமா என்று பார்க்க.

பெரியம்மா சுருட்டைத் தொட்டதே இல்லை. பெரியப்பா வாயிலிருந்து சுருட்டு இறங்கினதும் இல்லை. பெரியம்மாவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னபோதுதான் சிக்கல். ஊசியால் எடுத்த நூல் அளவுத் துண்டு, அதை இது பார்க்கிறோம் அது பார்க்கிறோம் என்று சீவிச் சீவித் தீர்த்துவிட்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். திரும்ப சி.டி ஸ்கான் மேசையில் படுக்க வைத்து இன்னொரு தடவை ஊசி. அந்தப் புது மெழுகு பிளொக்கு உதயதேவி ரயிலில் என் மடியில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கொழும்புக்குப் போனது. ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணுவின் 19ஆம் எக்சோன் என்ற பகுதியில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. மாத்திரை கிடைத்தது. "இந்த வயசில எனக்குப் பரு வருதடா" என்று முகத்தைக் காட்டிச் சிரித்தார். அந்த மருந்தின் வழமையான பக்கவிளைவு அது. பதினாறு மாதம் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டார். அப்புறம் அந்த மருந்து வேலை செய்யவில்லை.

இப்போது செம்பும் நாகமும். அந்தப் பெக்கேஜையும் யாரோ சொல்லிக் கேட்டுச் செய்தோம். செம்பு கூட, நாகம் குறைவு என்று சிவப்பில் அடித்து வந்தது, வீடே கலங்கியது. நுரையீரல் புற்றுநோயாளரில் இப்படி வருவது உண்மைதான். ஆனால் குருதியில் செம்பைச் சுமப்பது பெரும்பாலும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஈரல் அதைக் கூடுதலாகச் செய்யும். அதே நேரம் நாகத்தை ஈரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். காசநோயிலும் நிமோனியாவிலும் இதே படம்தான். கட்டி எது, மருந்து எது என்று அது சொல்லாது. போதாததற்கு, சாதாரணக் குழாயின் இறப்பர் மூடியிலிருந்தே நாகம் கசிந்து அளவைக் கூட்டிவிடும், அதற்கென்று தனிக் குழாய் வேண்டும். எங்களுக்கு எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று கேட்க எனக்கே அன்று தோன்றவில்லை, படிப்பித்து என்ன பயன்.

மூலகங்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. தொடர்பு நோய் வர முன்னர் இருக்கிறது. வடமத்திய மாகாணச் சிறுநீரக நோய்ச் செய்திகளால் நாமெல்லாம் கேள்விப்பட்ட ஆசனிக்கு, கட்மியம் இரண்டும் நுரையீரலில் புற்றை உண்டாக்குபவை. ஆறு வலுவளவுக் குரோமியமும் நிக்கல் சேர்வைகளும் அப்படியே. சிலியில் அன்ரோபகஸ்தா நகரத்தார் 1958 முதல் 1970 வரை ஆசனிக்கு மிகுந்த ஆற்றுநீரைக் குடித்தார்கள். நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் அதற்குப் பிறகும் பல வருடம் கூடுதலாகவே இருந்தன. புகையிலைச் செடி மண்ணிலிருந்து கட்மியத்தை நன்றாக உறிஞ்சும், உடம்புக்குள் போனால் பத்து இருபது வருடம் இருக்கும். பெரியப்பாவின் சுருட்டைப் பற்றி அப்போது நான் அவரிடம் வாய் திறக்கவில்லை.

பெக்கேஜோடு மாத்திரையும் விற்பார்கள், கவனம். நுரையீரல் கட்டியை வெட்டி எடுத்தவர்களுக்குத் தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் இரண்டாவது கட்டி வருவது குறையவில்லை. செலினியமாவது சும்மா போனது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்து 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அப்பாவுக்கு மீனும் பருப்பும் முட்டையும் இறங்குகிற அளவுக்குக் கொடுங்கள். மாத்திரை என்றால் கிளினிக்கில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த தடவை வாட்டுக்குப் போகும்போது ரிப்போர்ட்டில் இருக்கும் பிளொக்கு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, ஈ.ஜி.எஃப்.ஆர் பார்க்கத் திசு மீதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெக்கேஜுக்கு வைத்த காசை அதற்கு எடுத்து வையுங்கள்.